நீதிபதியை வகுப்பெடுக்கக் கூப்பிடலாமா? மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். கல்லூரிப் பேராசிரியர், பள்ளித் தலைமையாசிரியர், தமிழ் மன்றம் நடத்துகிறவர் என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் போன் செய்து, "சார், ஜட்ஜ் ஐயாவை எங்க விழாவுக்குக் கூப்பிடணும், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிறார். கூப்பிடலாமா என்று கேட்கிறவர்கள் குறைவு. அதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், நீதிபதிகள் வெளியே போய்ப் பாடம் நடத்தலாமா கூடாதா?

நடத்தலாம். நடத்த வேண்டும் என்றே சொல்வேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் அவற்றின் இடத்தில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. நாங்கள் வக்கீல்களே பழைய பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்த குற்றமாக இருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம் என்பது போன்ற விஷயங்களைத் தினமும் அதே வேலையாக இருக்கும் ஒரு மாஜிஸ்திரேட் வாயால் கேட்டால், மாணவர்கள் மனதில் அது தங்கிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் நேரில் பார்த்தது இது. பெண் மாஜிஸ்திரேட் ஒருவர் சம்மன் என்றால் என்ன, வாரண்ட் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "எங்க அப்பாவுக்கு ஒரு பேப்பர் வந்துச்சு, வீட்ல எல்லாரும் அழுதாங்க, அது எதும்மா?" என்று கேட்டது. அந்த அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் அருகில் போய், "அந்தப் பேப்பர்ல மேல என்ன எழுதியிருக்குன்னு பாரு. சம்மன்னு இருந்தா கோர்ட்டுக்கு வரச் சொல்றாங்க, அவ்வளவுதான், சாட்சி சொல்லக்கூட கூப்பிடுவாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அப்பா என்ன கேஸ்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத கண்ணு, அது என் கோர்ட்டுக்கே வரலாம்" என்றார். நீதிபதி வெளியே போய்ப் பாடம் நடத்துவது எப்படி இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் அந்த அரை நிமிடத்தைத்தான் சொல்வேன். பிள்ளையின் பயமும் தீர்ந்தது, வழக்கும் வகுப்புக்குள் வரவில்லை.

இதற்கென்று எழுதி வைத்த விதி இருக்கிறதா, அவரவர் மனசாட்சிதானா?

இருக்கிறது. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி, நீதிபதியின் வாழ்க்கை நெறிகள் என்று 16 அம்சங்களை ஏற்றுக்கொண்டார்கள். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு இதுதான் அடிப்படை. கிளப், சங்கம் எதிலும் பதவிக்குத் தேர்தலில் நிற்கக்கூடாது, சட்டம் சம்பந்தப்பட்ட சங்கம் தவிர வேறு எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி வகிக்கக்கூடாது. அரசியல் பற்றியும் நிலுவையில் உள்ள, வழக்காக வரக்கூடிய விஷயங்கள் பற்றியும் பொதுவில் கருத்துச் சொல்லக்கூடாது. குடும்பத்தார், நெருங்கிய உறவு, நண்பர்கள் தவிர யாரிடமும் பரிசோ விருந்தோ ஏற்கக்கூடாது. வியாபாரம் செய்யக்கூடாது, நிதி திரட்டலில் சேரக்கூடாது. இப்படிப் போகிறது. அதே பட்டியலில், சட்ட நூல் எழுதி வெளியிடுவதும் பொழுதுபோக்கான காரியங்களும் வியாபாரமாகக் கருதப்படாது என்ற விலக்கும் இருக்கிறது.

பெங்களூரு நெறிமுறைகள் என்று உலக அளவில் இன்னொன்று உண்டு. 2001இல் பெங்களூரில் வரைவு தயாராகி, 2002இல் ஹேக் நகரில் இறுதியானது. நீதிபதி சட்டம், நீதி நிர்வாகம் பற்றி எழுதலாம், பேசலாம், கற்பிக்கலாம் என்று அது நேராகவே சொல்கிறது. கூடவே, நீதிமன்ற வேலைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட முதலிடம் என்றும் சொல்கிறது.

மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, முன்சீப், மாஜிஸ்திரேட் எல்லோரும் அரசியலமைப்பின் 235ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். அதனால் வெளி நிகழ்ச்சிக்கு வர உயர் நீதிமன்றத்தின் அனுமதி பார்த்துத்தான் சம்மதிப்பார்கள். அவர் தயங்கினால் கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் கல்லூரி மேல் ஒரு சின்ன கேஸ் இருக்கிறது. ஆனால் கூப்பிடுவது வேறு கோர்ட் ஜட்ஜைத்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷம் முன்னால், ஊர் எல்லையில் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்கும் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவருக்கும் வண்டிப்பாதைத் தகராறு. அவர் வயலுக்குப் போகும் பாதையைக் கல்லூரி காம்பவுண்டு மறித்துவிட்டது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்கு. அந்த அம்மாவுக்கு நான்தான் வக்கீல். வழக்கு அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. கல்லூரியின் பெயர் வேறு. நுகர்வோர் சட்டம் பற்றிப் பேசக் கல்லூரி கூப்பிட்டது, முன்சீப்பும் சனிக்கிழமை போய் ஒரு மணி நேரம் நல்ல பாடம் நடத்திவிட்டு வந்தார். கேஸ் கட்டில் பெயர் இருக்கும் அறக்கட்டளையும் இந்தக் கல்லூரியும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தாளாளர் படம் ஒரு பக்கம், முன்சீப் படம் ஒரு பக்கம், நடுவில் குத்துவிளக்கு. வைத்த இடம் அந்த அம்மா தினமும் பஸ் ஏறும் நிறுத்தம். திங்கட்கிழமை காலையில் பேரன் செல்போனில் எடுத்த படத்தோடு என் ஆபீஸ் வாசலில் நின்றார். மஞ்சப்பையில் கேஸ் பேப்பர், முகத்தில் ரத்தம் இல்லை. "வக்கீல் தம்பி, நம்ம கேசு அம்புட்டுத்தானா? ரெண்டு பேரும் ஒரே பேனர்ல நிக்கிறாகளே" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? முன்சீப் நேர்மையானவர் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு அதை எதை வைத்து நிரூபிப்பேன்?

விஷயத்தை முறைப்படி கோர்ட்டில் தெரிவித்தோம். முன்சீப் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை, தானே மாவட்ட நீதிபதிக்கு எழுதி வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் செய்தார். மாறிப் போன கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. ஒரு நடவு, ஒரு அறுப்பு முடியும் வரை அந்த அம்மா தலைச்சுமையாகத்தான் நெல்லைக் கொண்டு வந்தார். யாரும் தப்பு செய்யவில்லை, கஷ்டம் மட்டும் அவருக்கு.

அதனால் கேஸ் சின்னதா பெரிசா என்று பார்க்காதீர்கள். உங்கள் கல்லூரி, அறக்கட்டளை, தாளாளர், அவர் குடும்பத்துக் கம்பெனி, இதில் யார் பெயரிலாவது நீங்கள் கூப்பிடும் நீதிபதியின் கோர்ட்டில் வழக்கு இருந்தால் கூப்பிடக் கூடாது. அதே வளாகத்தில் வேறு கோர்ட்டில் இருந்தாலும் அழைப்புக் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். மறைத்துக் கூப்பிடுவது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அவர் மனதில் பாரபட்சம் இல்லை என்றால் என்ன பிரச்சினை?

1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. நீதிபதி தன் மனதைப் பார்த்து "நான் நடுநிலையாக இருக்கிறேனா" என்று கேட்டால் போதாது, எதிரே நிற்கும் கட்சிக்காரரின் மனதைப் பார்க்க வேண்டும். 1924இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் வழக்கிலும் இதேதான். தீர்ப்புக்காக நீதிபதிகள் உள்ளே போனபோது கோர்ட் எழுத்தரும் கூடப் போனார். அவரோ எதிர்த்தரப்பு சொலிசிட்டர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். உள்ளே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தெரிந்த பிறகும் தண்டனையை ரத்து செய்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸைப் பார்த்து நின்ற அம்மாவின் மனதைத்தான் இந்த இரண்டு தீர்ப்புகளும் கணக்கில் எடுக்கின்றன.

பேச வருகிறவருக்குப் பணம் கொடுக்கலாமா? கார், ரூம்?

பதவியில் இருக்கும் நீதிபதிக்குக் கவரில் பணம் வேண்டவே வேண்டாம். மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கிறோமே என்று நீட்டி அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தங்கள் வண்டியிலேயே வந்து போய்விடுவார்கள். விழா முடிந்ததும் ஸ்டார் ஹோட்டலில் தனி விருந்து, தாளாளர் குடும்பத்தோடு கொடைக்கானலில் இரண்டு நாள், இதெல்லாம் கல்வி அல்ல. மாணவர்கள் சாப்பிடும் சாப்பாட்டை அதே பந்தியில் அவரும் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அமெரிக்காவில் இதுவே பெரிய சர்ச்சையானது. தனியார் அமைப்புகள் தங்கள் செலவில் நீதிபதிகளை வரவழைத்துக் கருத்தரங்கு நடத்த, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 2007 முதல் அங்கே கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஒரு விதி வந்தது. நடத்துகிறவர் யாரிடம் பணம் வாங்கினார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், போய் வந்த நீதிபதி 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். நம் ஊரிலும் இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

பொன்னாடையும் நினைவுப் பரிசும்கூடக் கூடாதா?

துண்டும் மாலையும் நம் ஊரில் மரியாதை, அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. நிகழ்ச்சிக்குப் பொருத்தமான அடையாளப் பரிசைப் பெங்களூரு நெறிமுறைகளும் ஒத்துக்கொள்கின்றன. ஆனால் வெள்ளிக் குத்துவிளக்கு, ஐந்து பவுன் மோதிரம், பட்டுப்புடவை என்று போனால் அது அடையாளம் அல்ல. ஒரு புத்தகம் கொடுங்கள். அதையும் தாளாளர் கையால் கொடுத்து அந்தப் போட்டோவை அட்மிஷன் விளம்பரத்தில் போடாமல், முதல் வரிசையில் இருக்கிற மாணவி கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாமா?

கேட்பது அவர்கள் உரிமை, எதற்குப் பதில் சொல்வது என்பது அவர் பொறுப்பு. ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மதுரையில் எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இது முடிந்த விஷயம். அமர்வு என்ன காரணம் சொன்னது என்று கரும்பலகையில் எழுதியே விளக்கலாம், அருமையான பாடமாக இருக்கும். ஆனால் "வர்ற பொங்கலுக்கு அவனியாபுரத்துல எந்தக் கமிட்டி நடத்தணும் சார்?" என்று ஒரு பையன் கேட்டால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தகராறு ஏற்கெனவே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்திருக்கிறது, திரும்பவும் வரலாம். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், பயந்துவிட்டார் என்று மாணவர்களை நினைக்க விடாதீர்கள், ஏன் பதில் சொல்லவில்லை என்பதையே நீங்கள் பாடமாக எடுத்துச் சொல்லுங்கள்.

தீர்ப்பை விளக்கலாம் என்றால் தன் தீர்ப்பையே விளக்கலாமா?

வேண்டாம். அது மேல்முறையீட்டில் இருக்கலாம். தீர்ப்பில் எழுதியதுதான் தீர்ப்பு.

சட்டப் பணிகள் ஆணைக்குழு முகாமுக்கு ஜட்ஜ் வருகிறாரே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. 1987ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த ஆணைக்குழு அது, மாவட்ட நீதிபதிதான் மாவட்டத்தில் அதற்குத் தலைவர். கிராமத்தில் முகாம் போடுவதும் பள்ளியில் சட்ட விழிப்புணர்வு நடத்துவதும் அவர்கள் வேலையின் ஒரு பகுதியே. எங்கள் அனுபவத்தில் பள்ளிகளுக்கு இதுதான் நேர்வழி. ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், எந்தத் தலைப்பு என்று அவர்களே பேசி ஆளை அனுப்புவார்கள். செலவும் இல்லை, சந்தேகமும் இல்லை.

சிவில் ஜட்ஜ் தேர்வுக்குக் கோச்சிங் சென்டர் நடத்துகிறோம். ஒரு சிட்டிங் ஜட்ஜ் வாரம் ஒரு நாள் வகுப்பெடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே?

பிள்ளைகளுக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கூடாது. முதலாவது, கட்டணம் வாங்கி நடக்கும் தொழில் அது. இரண்டாவது, அரசியலமைப்பின் 234ஆவது பிரிவின்படி அந்த நியமனமே தேர்வாணையத்தோடும் உயர் நீதிமன்றத்தோடும் கலந்து நடப்பது. ஒரு சென்டரில் மட்டும் நீதிபதி பாடம் எடுக்கிறார் என்றால், பெரியகுளத்திலும் பரமக்குடியிலும் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? "சிட்டிங் ஜட்ஜ் வகுப்பெடுக்கிறார்" என்று போஸ்டர் வேறு ஒட்டுவீர்கள். நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி சென்னையில் இருக்கிறது, நம் மதுரையிலும் கோவையிலும் அதற்கு வட்டார மையம் உண்டு. கற்பிக்கிற ஆசை உள்ள நீதிபதிக்கு அங்கே இடம் இருக்கிறது.

சட்டக் கல்லூரியில் நடக்கும் 'மாதிரி நீதிமன்றம்' (மூட் கோர்ட்) போட்டிக்கு நடுவராக வரலாமா?

தாராளமாக. போட்டிக்குக் கொடுக்கும் பிரச்சினை உண்மையில் நடந்துகொண்டிருக்கும் வழக்கின் அச்சாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எங்களுடையது சட்டம் அல்ல, தமிழ் மன்றம். கம்பன் விழாவில் ஜட்ஜ் பேசலாமா?

பேசலாம், இதில் நமக்குப் பெரிய மரபே இருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் முன்சீப். அந்தக் காலத்து மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார், தமிழின் முதல் நாவலை எழுதியவரும் அவரே. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் ஊறியவர், சென்னைக் கம்பன் கழகத்தின் தூணாக இருந்தவர். நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் தந்தார். இவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என் தந்தையாருடையது. நீதிபதி ஆனவுடன் தமிழை மறந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மேடை யாருடையது என்பதைப் பாருங்கள். மன்றத்தின் புரவலர் பெரிய கான்ட்ராக்டர், அவர் டெண்டர் வழக்கு ஒத்தக்கடையில் மதுரைக் கிளையில் நிற்கிறது என்றால் கம்பனே வந்தாலும் அந்த மேடை சரியில்லை. ஒரு அரசியல் அல்லது மத அமைப்பின் மேடை என்றால் பேச்சின் பொருளும் எளிதில் வழுக்கும். 2024 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அப்படியொரு அமைப்பின் நிகழ்ச்சியில் பேசியதற்கு உச்ச நீதிமன்றமே விவரம் கேட்க வேண்டி வந்தது நினைவிருக்கும்.

கட்டட நிதிக்காக விழா. ஜட்ஜ் வந்தால் நன்கொடை நன்றாக வரும்...

அதனால்தான் வரக்கூடாது. நிதி திரட்டலில் எந்த நோக்கத்துக்காகவும் ஈடுபடக்கூடாது என்று 1997 நெறிகள் சொல்கின்றன, கோயில் திருப்பணிக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் சேர்த்துத்தான். நீதிபதி முன்னால் ரசீது புத்தகத்தை நீட்டினால், அடுத்த மாதம் அவர் முன் ஆஜராக வேண்டிய வக்கீலோ வழக்காடியோ எப்படி மறுப்பார்?

வீடியோ எடுத்து யூடியூபில் போடலாமா?

அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை இருபது விநாடி ஆக்கி, சோகப் பாட்டு போட்டு வாட்ஸ்அப்பில் விட்டால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும், மறுத்துப் பேட்டி கொடுக்கவும் அவரால் முடியாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, நீதிபதிகள் துறவி போல் வாழ வேண்டும், பேஸ்புக் பக்கமே போகக்கூடாது என்று வாய்மொழியாகச் சொன்னது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஆனால் அந்தக் கவலை நியாயமானது.

ஓய்வு பெற்ற நீதிபதி என்றால்?

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு. அதன் பிறகு முழு நேரப் பேராசிரியராகவே வரலாம், சம்பளமும் வாங்கலாம். நேரமும் இருக்கும், சொல்ல அனுபவமும் இருக்கும். ஏதாவது ஆணையத்திலோ தீர்ப்பாயத்திலோ இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வழக்காடி. என் எதிர்க்கட்சிக்காரர் மேடையில் என் ஜட்ஜைப் பார்த்தேன். என்ன செய்ய?

பேஸ்புக்கில் எழுதாதீர்கள், அது நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம். படம், தேதி, அழைப்பிதழ் இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் கோர்ட்டில் மரியாதையாக எடுத்துச் சொன்னாலே நீதிபதி தானே விலகிக்கொள்வார். இல்லை என்றால் சிவில் வழக்கை மாற்றக் கேட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆவது பிரிவில் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம், குற்ற வழக்குக்கும் இதே போல் வழி இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் கும்பிடு போட்டதை எல்லாம் காரணமாகக் காட்டாதீர்கள், நிற்காது.

எந்த நாளில் வைத்தால் வருவார்?

வேலை நாளில் வைக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் விடிகாலை பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து மேலூர் ரோட்டில் யானைமலை தெரிகிற வரை இன்னொரு பஸ்ஸில் வந்து, பத்தரை மணிக்கு மதுரைக் கிளை வராண்டாவில் நிற்கிறவர் ஒருவர் இருப்பார். அன்று கூலியும் போச்சு, டிக்கெட் காசும் போச்சு. "இன்னைக்கு கோர்ட் உட்காரலை, வேற தேதி" என்று அவரிடம் சொல்கிற வேலை என்னைப் போன்ற வக்கீல்களுக்கு. உங்கள் ஆடிட்டோரியம் சனிக்கிழமையும் திறந்துதானே இருக்கிறது. ஒரு மாதம் முன்னால் கடிதம் கொடுங்கள். தலைப்பு, நடத்துகிறவர் யார், செலவு யாருடையது, மேடையில் யார் யார் உட்காருகிறார்கள், உங்கள் பெயரில் என்னென்ன வழக்கு என்று ஐந்தையும் அதில் எழுதிவிடுங்கள். மேடையில் நாற்காலி எண்ணிக்கையைக் குறைத்தால் இன்னும் நல்லது. அப்புறம், அந்த ஃப்ளெக்ஸ் வேண்டாம்.